உத்தமனின் முட்டிப்பட்டை

"எம் பேரு உத்தமன். ஈஜிபுரா. லிஃப்ட் மெக்கானிக்." அத்தோடு நிறுத்தாமல், மைக்கில் தன் கைபேசி எண்ணையும் நிதானமாக இரண்டு தடவை சொல்கிறார். பேருந்தே சிரிக்கிறது.

"அங்கிள், பொண்ணு பாக்கறீங்களா?" என்கிறது பின் இருக்கை.

"எவனாவது ஒருத்தன் போன் பண்ண மாட்டானான்னுதான்டா!"

பெங்களூரின் ஹெப்பால் மேம்பாலம் தாண்டியதும் மைக் கைமாறும். ஒவ்வொருவரும் பெயர், இடம், வேலை சொல்ல வேண்டும். கண்டிகோட்டா போகும் வார இறுதிப் பயணக் குழுக்களில் இது வழக்கம். வறண்ட ராயலசீமையைப் பென்னா நதி அறுத்துப் போட்ட செம்பாறைப் பள்ளத்தாக்கு அது. ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த மாதம் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். உத்தமன் மட்டும் பதினோராவது முறையாக அங்கேயே போகிறார்.

ஐம்பத்து மூன்று வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். பள்ளத்தாக்கின் ஆழத்தைக்கூட மாடிக் கணக்கில்தான் சொல்வார்: "முப்பது மாடி இருக்கும்." இருபத்தாறு வருடங்களாக அவர் பழகியதெல்லாம் தங்கள் மாடி வந்ததும் இறங்கிப் போகிறவர்களோடு. மனைவி வேதநாயகி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அதன்பின் அவர் வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான்.

முதல் பயணத்தில், இறக்கத்தில் அவருக்குக் கால் பிசகியது. பின்னால் வந்த ஒருவர், அவர் வயதுக்காரர், தன் முட்டியில் கட்டியிருந்த வெல்க்ரோ ஒட்டுப் பட்டையைக் கழற்றி இவர் முட்டியில் சுற்றினார். "மெதுவா வாங்க குரு, பாறை எங்கயும் ஓடிடாது." பிறகு பகல் முழுக்க இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். பெங்களூரில் முன்பின் தெரியாதவரை 'குரு' என்று கூப்பிட்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். அவர்களும் அப்படியே ஓட்டினார்கள்.

பாறை நிழலில் உட்கார்ந்தபோது, யாரிடமும் சொல்லாததை உத்தமன் அவரிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் வேதநாயகி கடைசியாகக் கண் திறந்தபோது, இவர் எங்கோ ஒரு கட்டடத்தில், நின்றுபோன லிஃப்டுக்குள் குனிந்திருந்தாராம். அந்த மனிதர் தன் பையைத் திறந்தார். வெள்ளரிக்காயை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை நீட்டினார். இப்படியும் ஒரு மனிதர்! அந்தப் பாதியைத் தின்றபடி உத்தமன் அழுது தீர்த்தார்.

"மழைக்கப்புறம் தண்ணி ஏறி நிக்கும் குரு. மறுபடி வரணும்," என்றார் அவர். திரும்பும் வழியில் எலகங்காவில் இறங்கிக் கையாட்டினார். வீட்டுக்கு வந்து பேன்ட்டை மாற்றும்போதுதான் உத்தமன் பார்த்தார்: பட்டை காலிலேயே இருக்கிறது.

பயண அமைப்பாளர் சுப்ரியாவைப் போனில் கூப்பிட்டார். "பேர் என்ன அங்கிள்?"

"குருன்னுதாம்மா கூப்ட்டேன்."

"அன்னிக்கு மைக்கும் கெட்டுப் போச்சு. லிஸ்ட்ல இருக்கற இத்தன பேர்ல நான் யாருன்னு தேட?"

வாட்ஸாப் குழுவில் போட்டுப் பார்த்தாள். பயணம் முடிந்த மறுநாளே குழுவைவிட்டு விலகுவது இப்படி வருகிறவர்களின் பழக்கம். அதற்குள் பாதிப் பேர் போயிருந்தார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பட்டை துவைத்து மடித்தபடி உத்தமனின் பையில் இருக்கிறது. கூடவே ஒரு முழு வெள்ளரிக்காயும். போகும்போதும் வரும்போதும் அதை உடைப்பதில்லை.

சென்ற மாதம் போன அந்தப் பதினோராவது பயணத்தில் நானும் இருந்தேன். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியிருந்தது. உத்தமனின் கண் மட்டும் தண்ணீரில் இல்லை. இறங்கி வருகிற முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் குழுவில் ஒருவர் சறுக்கி விழுந்தார். மைக் சுற்று முடிந்தபின் சிக்கபள்ளாபுரத்தில் ஏறிய மஞ்சள் தொப்பிக்காரர். தனியாக வந்தவர். முட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்; அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருமில்லை.

உத்தமனின் கை பைக்குள் போய் நின்றது. ஏறுபாதையை ஒருமுறை கடைசி வளைவு வரை பார்த்தார். யாரும் வரவில்லை. மெல்லப் பட்டையை எடுத்து, மண்டியிட்டு, அந்த முட்டியில் சுற்றத் தொடங்கினார்.

"ரொம்ப தேங்க்ஸ் குரு," என்றார் தொப்பிக்காரர்.

உத்தமனின் விரல்கள் அப்படியே நின்றன. பட்டையின் முனையை ஒட்டாமல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மொதல்ல பேரச் சொல்லுங்க. அப்புறம் ஒட்டறேன்."