தண்டையும் சேர்த்து எடை

புனேயில் என் கைக்கு வரும் காகிதங்களில் பாதி மராத்தியில் இருக்கும். மின்சார நோட்டீஸ், மாநகராட்சிப் படிவம், மகளின் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை. எழுத்து இந்தி எழுத்துதான், கூட்டி வாசித்துவிடலாம், அர்த்தம்தான் பிடிபடாது. எதிரே இருப்பவர் "இத்தே" என்று ஓர் இடத்தில் விரலை வைப்பார். நான் அங்கே கையெழுத்துப் போடுவேன். கோந்த்வா பகுதிக்குக் குடிவந்த பதினொரு வருடமும் இப்படித்தான். ஊரில் இருந்தவரை கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயர்வரை வாசிக்கிற ஆள் நான். என்னைப்போல் மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, தத்தூ காகாவைப் பிடித்துப்போகும்வரை.

தத்தூ காகா எங்கள் குடியிருப்பின் தோட்டக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். நான் அப்போது குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். மதியத்தில் எதிர்ப்பட்டால் "ஜேவ்லா கா, ஸாஹேப்?" என்பார். சாப்பிட்டாயா என்று வழியில் பார்த்துக் கேட்பது நம் ஊரோடு போயிற்று என்று நினைத்திருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா! சாயங்காலம் வேலை முடிந்ததும் பம்ப் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சிலும்பியில் கஞ்சா பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் மதியம் போலீஸ் வந்து, பம்ப் அறையிலிருந்து ஒரு சாக்குப்பையை எடுத்தது.

பொருளைக் கைப்பற்றும்போது அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர்கள் இரண்டு பேர் சாட்சியாக நிற்க வேண்டும். பஞ்ச் என்பார்கள். ஒருவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர், தராசு அவருடையது. இன்னொருவர் நான். "ஆப் தோ இஜ்ஜத்தார் ஆத்மி ஹைன்" என்றார் அதிகாரி. கௌரவமான மனிதர் என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துபோனது, வெட்கக்கேடு! எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். தேனி என்று சொல்ல வாய் வரவில்லை. கோயம்புத்தூர் விடுதியில் நான் காலடி வைத்த முதல் நாளே, "தேனியா? பொட்டலம் இருக்கா மாப்ள?" என்று கேட்டார்கள். நாலு வருடமும் அதே கேலிதான். பீடிகூடத் தொடாதவன் நான். ஆனாலும் கஞ்சா என்ற சொல் காதில் விழுந்தால் இன்றும் குற்றவாளி மாதிரி நிமிர்ந்து உட்காருவேன்.

சாக்கைப் பிரிக்காமலே தராசில் வைத்தார்கள். விரல் தடிமன் தண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கிலோ முந்நூற்றைம்பது. இதில் பாதி சுள்ளிதானே என்று மனசு சொன்னது. நமக்கென்ன சோலி என்று அதை அடக்கினேன். எழுதி முடித்து அதிகாரி விரலை வைத்தார். நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். தத்தூ காகா பக்கம் நான் திரும்பவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. ஸ்டேஷன் ஹவல்தார், நான் அன்று கையெழுத்துப் போட்ட பஞ்சநாமாவைப் படமெடுத்து அனுப்பி, வாசித்துவிட்டு வரச் சொன்னார். எங்கே வாசிக்க? மகள் மித்ராவிடம் கொடுத்தேன். எட்டாவது படிக்கிறாள். தமிழ் எழுத்துத் தெரியாது, மராத்தியை மடமடவென்று படிப்பாள். வாசித்து, தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

"அப்பா, இதுல என்ன போட்டிருக்குன்னா... தண்டு, விதை எல்லாம் தனியா எடுத்துட்டு, பூ மட்டும் வெயிட் போட்டாங்களாம். உங்க முன்னாடி. அப்புறம் படிச்சுக் காட்டினாங்களாம். பார்த்தீங்களா நீங்க?"

"இல்லம்மா."

"அப்போ சைன் ஏன் போட்டீங்க?"

பூக்கொத்துதான் கஞ்சா, தண்டும் விதையும் சேராது என்பதுதான் தத்தூ காகாவுடைய வக்கீலின் வாதம். ஒரு கிலோவுக்குள் என்றால் அதிகபட்சம் ஒரு வருடம். தாண்டினால் பத்து வருடம்வரை போகலாம். அந்தச் சுள்ளிகளில்தான் ஒரு மனிதனின் காலம் இருந்தது. இதில் இன்னொரு கேவலமும் உண்டு. அவர் பிடிபடுவதற்கு முந்தைய ஹோலிக்கு எங்கள் மொட்டைமாடியில் பாங்கு கலந்த தண்டாய்ப் பால் ஓடியது. கஞ்சாச் செடியின் இலையை அரைத்துக் கொடுத்ததே தத்தூ காகாதான். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு மதியம் முழுக்கச் சிரித்தவன் நான். மத்தியச் சட்டம் வெறும் இலையைக் கஞ்சா என்பதில்லை. இந்த மாநிலத்து மதுவிலக்குச் சட்டம் அதற்கும் உரிமம் கேட்கிறது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே செடி. மாடியில் பண்டிகை, பம்ப் அறையில் வழக்கு.

"கோர்ட்ல உண்மையைச் சொல்லிடுங்கப்பா. நீங்க சொன்னா காகா வந்துடுவார்ல?" என்றாள் மித்ரா. சொல்கிறேன் என்றேன். அப்போது நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தேன்.

நீதிமன்ற வராண்டாவில் ஹவல்தார் என் தோளில் கை போட்டார். "பலட்னா மத், ஸாப். பேச்சை மாத்தாதீங்க. பொய்க் கையெழுத்துப் போட்டதா உங்க மேலயே கேஸ் வரும்" என்று இந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னார். கஞ்சாக்காரனுக்குத் தேனிக்காரன் பரிந்து பேசினான் என்று அலுவலகம்வரை போகுமே என்று மனசில் ஓடியது. கூண்டில் ஏறினேன். தத்தூ காகா சிறையில் மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நான் பார்த்ததைச் சொல்வேன் என்று நம்பியிருக்கிறார், பாவி மனுஷன். தண்டை நீக்கிவிட்டுத்தான் எடை போட்டார்களா என்று அவருடைய வக்கீல் கேட்டார். "ஹோ" என்றேன். படித்துக் காட்டினார்களா? "ஹோ." மராத்தியில் ஆமாம் என்பதற்கு அந்த ஓரெழுத்துப் போதும். திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

பிறகு தீர்ப்பு வந்தது. நாலு வருடம். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தத் தீர்ப்பைவிட, சாட்சி சொன்ன அன்று சாயங்காலம்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் மித்ரா ஓடிவந்தாள்.

"சொன்னீங்களாப்பா?"

"சொன்னேம்மா" என்றேன் தமிழில்.

என்னை ஒருமுறை கட்டிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். தோழியைக் கூப்பிட்டு, குரல் நிறையப் பெருமையோடு சொன்னாள்: "மாஜ்யா பாபான்னி கர சாங்கித்ல!" என் அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். பதினொரு வருடத்தில், யாரும் அர்த்தம் சொல்லாமல் எனக்கு முழுசாகப் புரிந்த மராத்தி வாக்கியம் அது.