தாயும் தந்தையும் இல்லாத மனு

அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், எஸ்டேட் துரைக்கு வேலை கேட்டு நான் இங்கிலீஷில் மனு எழுதினேன். வீட்டில் ஒருவருக்காவது எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு நிலைக்கும். அம்மாவுக்கு இழுப்பு. நானோ ஐந்தாவது வரை படித்தவள்.

எங்கள் லயத்தில் எல்லா மனுவும் ஒரே பழைய காகிதத்தைப் பார்த்து எழுதியவை. கடைசி வரி, 'நீங்களே எனக்குத் தாயும் தந்தையும்'. அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஏட்டி, அந்த வரி இல்லன்னா தொரை தொட்டுக்கூடப் பாக்க மாட்டாரு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"எங்கப்பா போயி பதினேழு நாளுதான்க்கா ஆகுது. அதுக்குள்ள தொரைய அப்பான்னு எழுதவா?"

அம்மா அழுகையிலும் சிரித்துவிட்டாள். "அப்பன மாதிரியே வீம்பு!"

தேயிலை ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர், அப்பாவை 'மை ரைட் ஹேண்ட்' என்பாராம். அப்பா அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். கூடவே நின்று உதவுகிறவரைத்தானே அப்படிச் சொல்வார்கள்? அந்த வரிக்குப் பதிலாக அதையே எழுதினேன். அப்பா ஃபேக்டரிக்கு ரைட் ஹேண்டாக இருந்தார், இனி அம்மாவுக்கு நான்தான் ரைட் ஹேண்ட் என்று.

மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை இரண்டு முறை படித்தார்.

"நீயே எழுதினதா? நல்லா, சரியா எழுதியிருக்கே. திங்கக்கிழம கொழுந்தெடுக்க வா."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினேன். சந்தோஷத்தில், அப்பாவிடம் சொல்ல ஃபேக்டரி வாசல் வரைக்கும் போய்விட்டேன்.