சோதனை அறை அக்காவின் கை

எங்கள் மருந்துக் கிடங்கில் வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. மாத்திரை அட்டை திருட்டுப் போகக்கூடாதே, அதற்காக. நாங்கள் ஆறு பேர். மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், மேலாளர்கூட அப்படித்தான். பதினான்கு வருடமாக அந்தச் சின்ன அறையில் நிற்பவர். எந்தப் பெண் எந்தப் பக்கம் கூச்சப்படுவாள் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

கிடங்கு முழுக்கக் குளிரூட்டியது. எல்லோருடைய கையும் விறைத்துத்தான் கிடக்கும். அக்கா மட்டும் ஒவ்வொருத்தியையும் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொள்வார். "திருடியோன்னு சந்தேகப்பட்டுத் தொடறோம். அதுல ஜில்லுன்னு வேற தொடணுமா?" என்பார். நான் சேர்ந்த முதல் நாள் என் விரல் கழுத்தில் பட்டு ஒருத்தி துள்ளிவிட்டாள். அக்கா என் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். படுத்த படுக்கையான புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வேலைக்கு அலைந்த என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அட்டைகள் குறைந்துகொண்டே போனதால் நிர்வாகம் ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தது. சமூகவியல் படித்து, குற்றங்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவராம். எங்களையும் வாங்க, உட்காருங்க என்றுதான் பேசுவார். எதைச் சொன்னாலும் பலகையில் வட்டம் போடுவார். ஆசைப்படுகிற ஆள் ஒரு வட்டம், கைக்கு எட்டுகிற பொருள் ஒரு வட்டம், பார்க்க ஆளில்லாத நேரம் ஒரு வட்டம். மூன்றும் சேருகிற இடத்தில் திருட்டு நடக்கும் என்றார். இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு படிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நாங்கள் அவருக்கு வட்டம் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

வட்டம் எங்களிடம் ஒரு தாள் கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு பெயர் எழுத வேண்டும். மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டவள், சேர்ந்து சாப்பிடாமல் ஒதுங்குகிறவள், பதவி உயர்வு கிடைக்காமல் குமுறுகிறவள். மனக்குறை உள்ளவர்தான் முதலில் கை வைப்பார் என்பது அவர் படித்த பாடம். யாரும் இல்லை என்று எழுதக்கூடாது. மூன்று முறை பெயர் வந்தால் வேலை போய்விடும் என்று ஒரு பேச்சு அடிபட்டது.

"குமுறாதவ யாருடி இங்க இருக்கா?" என்று அக்கா சிரித்தார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் பங்கு பிரித்தார். இந்த வாரத்துக்கு முதல் ஆறு பேர், அடுத்த வாரத்துக்கு அதற்கடுத்த ஆறு பேர். ஆளுக்கு ஒரே ஒரு கரும்புள்ளி, யாருக்கும் மூன்று சேராது. எங்களுக்கு ஒரே குஷி. எல்லாம் சரிதான், பதிவேட்டின் வரிசையை அப்படியேவா எழுதுவது? ஆறு பேரில் ஒருத்திக்குக்கூட அதைக் கலைத்து எழுதத் தோன்றவில்லை.

ஒன்பதாவது வாரம் அந்த வரிசையைக் கண்டுபிடித்துவிட்ட வட்டம் எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்தார். எனக்குக் கிடைத்தது காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறை. ஒரு மேசை, ஒரு தாள், நூலில் கட்டிய பேனா.

"இந்தப் பங்கு பிரிக்கிற வேலையை ஆரம்பிச்சது யாருன்னு எழுதுங்க," என்றார் மெதுவாக. "ஆறு பேருமே எழுதலைன்னா ஆளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். யாராவது எழுதி, நீங்க எழுதாம விட்டா, நாளைக்கு உங்களுக்கு வேலை இல்லை. எழுதினது யாருன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். எனக்குப் பயமென்றால் அப்படி ஒரு பயம். புருஷன் முகமும் பிள்ளைகள் முகமும் மாறி மாறி வந்தன. மற்றவர்கள் எழுத மாட்டார்கள் என்று நினைத்தேன். எழுதிவிட்டால் என்றும் நினைத்தேன். பக்கத்து அறையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. சுவரைத் தாண்டிப் பேனா சத்தம் எங்காவது கேட்குமா? அதை யோசிக்கிற புத்தி அப்போது என்னிடம் இல்லை. எழுதிவிட்டேன். பெயரைக்கூட எழுதவில்லை. அக்கா என்றுதான் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் ஆறு பேரையும் மேலாளர் முன்னால் நிறுத்தினார்கள்.

"அஞ்சு பேர் வெறும் தாளைக் கொடுத்திருக்காங்க. ஒருத்தர்தான் எழுதியிருக்காங்க," என்றார் வட்டம். "வேலை போகும்னு சொன்னது சும்மா. நீங்க எந்த அளவுக்கு ஒத்துமையா இருக்கீங்கன்னு பார்க்கறதுக்குத்தான்."

சும்மாவாம்.

பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார். "நாளையிலேர்ந்து நீங்க பின்வாசல்ல தனியா இருப்பீங்க. வெளிய போகும்போது இந்த அஞ்சு பேரையும் சோதிக்கறது உங்க பொறுப்பு." மேலாளர் ஏன் என்பதுபோல் பார்க்க, எங்கள் காதில் விழும்படியே விளக்கினார்: "தன்னைக் காட்டிக்கொடுத்த கூட்டத்தை யாரும் மூடி மறைக்க மாட்டாங்க சார்."

அக்கா தரையைப் பார்த்தபடி, "எழுதினவ பேரை மட்டும் சொல்லிடாதீங்க சார்," என்றார். யார் பக்கமும் திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் பின்வாசலில் வரிசையாக நின்றோம். அங்குள்ள அறைக்குள் ஒவ்வொருத்தியாகத்தான் போக வேண்டும், கதவைச் சாத்திவிடுவார்கள். என் முறை வந்தது. கைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். உள்ளங்கை தேய்க்கும் அந்தப் பரபர சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கழுத்தில் அக்காவின் விரல்கள் ஜில்லென்று பட்டன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உன் வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார், எப்போதும் கேட்கிற குரலில்.

"பரவாயில்லக்கா."

இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. தினமும் அதே கேள்வி, அதே குளிர்ந்த கை. எனக்கு மட்டும்தான் இப்படியா, இல்லை அக்கா கை தேய்ப்பதையே விட்டுவிட்டாரா? மற்ற நாலு பேரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்கிறவள்தான் எழுதினவள் என்று ஆகிவிடுமே. அவர்களும் என்னை எதுவும் கேட்பதில்லை. ஐந்து பேரும் வாயைத் திறக்காமல் பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறோம், நாளைக்கும் இதே வாசலுக்குத்தான் வரவேண்டும்.