மீசை இல்லாத ஞாயிறு

நான் மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவன் என்று சொன்னால், சுவிஸில் டீட்டிகோன் நகரத்தில் உள்ள எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது கடவுளைப் பற்றி அல்ல.

"அப்ப தேத்தண்ணியும் குடிக்கிறேல்லையோ?"

"ஓம், குடிக்கிறேல்லை" என்றால், செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல என் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

பெரிய தரிசனம் ஏதும் கண்டு நான் அங்கே போகவில்லை. களஞ்சியத்தில் பெட்டி தூக்கி முதுகு பிடித்து, மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். அப்போது கழுத்துப்பட்டியும் பெயர்ப்பட்டியுமாக இரண்டு அமெரிக்கப் பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள். இருபது வயதுகூட இராது. ஆனால் தங்களை 'மூப்பர்கள்' என்றார்கள். மனைவி குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அந்த மூப்பர்கள்தான் எங்கள் பழைய சோபாவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, குப்பை எடுக்கும் இடத்தில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு நன்றி சொல்லப் போனேன். நன்றி சொல்லி முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வருடத்தில் ஞானஸ்நானம் எடுத்தேன். மனைவி இன்றும் திரிம்பாக் அம்மன் கோயிலுக்குத்தான் போகிறாள்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு பிஷப் என்னை ஒரு வேலைக்குக் கேட்டார். எங்கள் சபையில் பிஷப் என்றால் அங்கி போட்டவர் அல்ல, எங்களைப் போல வேலைக்குப் போகிறவர். இவர் கிழமை நாட்களில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் குழாய் பூட்டுகிறவர். ஞாயிறு ஆராதனையில் நற்கருணைப் பாண் துண்டுகளும் தண்ணீரும் வைத்த தட்டுகளை வரிசை வரிசையாகக் கொண்டுபோக ஆள் வேண்டும், தான் இரண்டு கிழமை விடுமுறையால் வந்ததும் தொடங்கலாம் என்றார். வெள்ளைச் சேட்டு போட்டால் நல்லது என்றும் சொன்னார்.

வீட்டில் சொன்னேன்.

"எங்கட கோயிலிலை சேட்டைக் கழட்டச் சொல்லுவினம். உங்கட கோயிலிலை வெள்ளைச் சேட்டு போடச் சொல்லுவினம். ஆம்பிளையளுக்குச் சேட்டிலைதான் மோட்சம்போலை" என்றாள்.

சேட்டோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் எங்கள் சபைக் கட்டிடத்தின் உள் நடைபாதையில் பெரிய தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அந்தக் கிழமைதான் அவற்றை வடிவாகப் பார்த்தேன். ஒருவருக்கும் மீசை இல்லை. சபைக்குள் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் எல்லா முகமும் வழித்துத் துடைத்த முகம். எனக்கோ பத்தொன்பது வயதிலிருந்து மீசை. கலியாணப் படத்திலும் அதுதான் முன்னுக்கு நிற்கிறது.

சுவிஸ் ஆட்கள் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், கடதாசியில் எழுதி, மாடிக் கட்டிடத்தின் பொதுச் சலவை அறையில் ஒட்டுவார்கள். மூன்று வருடமாக எனக்கு அந்தக் கடதாசி வரவில்லையே தவிர, மனசுக்குள் எழுதி வைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

"ஒருத்தருக்கும் இல்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

"யேசுநாதரின்ரை படம் ஒண்டு இருக்கு. அவருக்கு மட்டும் தாடி மீசை."

"அப்ப அவர் வந்தால் தட்டுத் தூக்க விடமாட்டியளோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் தட்டுத் தூக்கும் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பின்னேரமே வழித்துவிட்டேன். குளியலறையால் வெளியே வந்தபோது அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"உங்கடை மேலுதடு இவ்வளவு நீளமெண்டு தெரிஞ்சிருந்தால், கலியாணம் பேசேக்கை கொஞ்சம் யோசிச்சிருப்பன்."

அடுத்த நாள் ரயிலில் பரிசோதகர் என் பயண அட்டையிலிருந்த படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சபை வாசலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வரவேற்பதற்கு நிற்பவர், தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சுவிஸ் அம்மா. மூன்று வருடமாக என் கையைக் குலுக்கியவர். அன்று மிக மரியாதையாக, "முதல் தரமோ வாறியள்? பின்வரிசை வசதியாய் இருக்கும்" என்று சொல்லி, புதியவர்களுக்கான துண்டுப்பிரசுரத்தைக் கையில் தந்தார். எல்லோரையும்போல ஆக வேண்டுமென்று வழித்தவனை, ஆள் தெரியாதவனாக்கிவிட்டார்கள்.

முன்னுக்குப் போனேன். பிஷப் இரண்டு கிழமை விடுமுறை முடிந்து மலையிலிருந்து வந்திருந்தார். தாடியோடு. செம்மண் நிறத்தில், கன்னம் முழுக்க. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஆராதனை தொடங்கிவிட்டது, இருவருக்கும் வாய் திறக்க வழியில்லை. தட்டோடு நடக்கும்போது திரும்பித் திரும்பி முன்னுக்குப் பார்த்தேன். அது பக்தியால் அல்ல.

முடிந்ததும் என்னை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் யேர்மன் மொழியில் கதைத்ததை என் தமிழில்தான் எழுத முடியும்.

"உங்கடை மீசை எங்கை?"

"உங்கடை தாடி எங்கையிருந்து?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஆமியிலை இருந்த காலத்திலையிருந்து எனக்குத் தாடி ஆசை. அப்பாவும் சபையிலை பொறுப்பில இருந்தவர், விடேல்லை. பேந்து நானே என்னை விடேல்லை. மூண்டு வருஷமா உங்களைப் பாத்தன். மீசையோடை வாறார், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அவரைத் தட்டுத் தூக்கவும் கேட்டிட்டன், பிறகு எனக்கென்ன பயமெண்டு வளத்தன். இப்ப என்னைத் தனிய விட்டிட்டியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒருவர் என்னைப் பார்த்துத் துணிவு எடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. "திருப்பி வளக்கிறன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திக் குலுக்கினார்.

ஒரு மாதத்தில், எங்கள் பகுதிச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பானவர் பார்வையிட வந்தார். கண்ணாடிபோல வழித்த முகம். பிஷப்பின் தாடி அதற்குள் நிறைந்திருந்தது. என் மீசை இன்னும் கூட்டுகிற தும்புத்தடிபோலக் குத்திட்டு நின்றது. அவர் பிஷப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிஷப்பின் கை தாடிக்கும், என் கை மேலுதட்டுக்கும் போனது.

"கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். பிறகு நல்லதொரு பிரசங்கம் செய்துவிட்டுப் போனார்.

சனம் கலைந்த பிறகு, வாசலில் நின்ற தபால்கார அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஆம்பிளையளுக்கு எவ்வளவு பயம்! நான் பதினொரு வருஷமா நீளக் காற்சட்டையோடைதான் வாறன்."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் காற்சட்டை. சபையில் மற்றப் பெண்கள் எல்லோரும் பாவாடை, சட்டை. ஆண்களின் மேலுதட்டையே எண்ணிக்கொண்டிருந்த நான், இதை ஒருநாளும் காணவில்லை.

"தொடக்கத்திலை ஆரும் ஏதும் சொல்லேல்லையோ?"

"ஒருத்தி சொன்னாள். அவள் பேர்னுக்குக் குடிபோயிட்டாள்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முதல் வருஷம் எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கேல்லை. பேந்து ஒருநாள் பிஷப்பின்ரை மனுசி வந்து இருந்தா. அடுத்த கிழமையும் வந்து இருந்தா" என்றார்.

கொளுவியில் தொங்கிய அவருடைய குளிர்ச்சட்டையை எடுத்து, அவர் கை நுழைக்க வசதியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.