மினுங்காத எட்டாவது தகடு

அண்ணன் பேரன் புதுக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சாம்பல் நிறம், துளி மினுமினுப்பு இல்லை. "மேட் ஃபினிஷுங்க தாத்தா, இதுக்குத் தனி ரேட்டு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மினுங்காத பெயிண்டுக்கு நான் பட்ட பாட்டை அவனிடம் எத்தனையோ தரம் அளந்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் பீளமேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தேன். பம்புசெட்டுக்குப் பளபளவென்று பச்சை பெயிண்ட் செய்து பிழைத்த கம்பெனி. முதலாளிக்குத் திடீரென்று ஆகாய ஆசை வந்தது. விமானத்தின் மூக்கு வெயிலில் மினுங்கினால் ஓட்டுகிறவருக்குக் கண் கூசும். ஆகவே மங்கலான பெயிண்ட் வேண்டும், அது காற்றுக்கும் மழைக்கும் உரியவும் கூடாது. "ஆயுத பூசைக்குள்ள செஞ்சுபோடுங்க. இல்லாட்டி உடுமலைக்கே பஸ் ஏறிக்குங்க" என்றார். உடுமலையில் அப்பாவின் தேங்காய் மண்டி எனக்காகக் காத்திருந்தது. அந்தக் கல்லாவில் போய் உட்கார எனக்கு இஷ்டமே இல்லை.

மங்கலாக்குவது பெரிய வித்தையில்லை. பிசினில் நுண்ணிய பொடியைக் கலந்தால் போதும். ஆனால் தகட்டில் பூசி நாலு தரம் தேய்த்ததும் பாழாய்ப்போனது முதலாளியின் வழுக்கை மாதிரி மினுங்கிவிடும். ஏழு தகடுகள் அப்படிப் போயின. எட்டாவதைத் தேய்த்துப் பார்க்கத் தைரியம் வராமல் ஒரு வாரம் அலமாரி மேல் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பூசை நாள் காலை. தின்னர் நெடியோடு பொரிகடலை வாசனையும் கலந்து வந்தது, அந்தக் கலவையை என் மூக்கு இன்னும் தேடுகிறது. லேபைக் கூட்டித் துடைக்கும் பழனாத்தாக்கா, என் எட்டுத் தகடுகளையும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாமிக்கு முன்னால் அழுக்காக வைக்கலாமா!

"ஐயோ, என்னக்கா பண்ணிப்போட்டீங்க?"

"ஏனுங்க தம்பி, மத்ததெல்லாம் மினுங்குது. இதொண்ணு மட்டும் எத்தன தேச்சாலும் மினுங்க மாட்டேங்குதுங்க. கெட்டுப்போன பெயிண்டாட்ட இருக்குதுங்க" என்றார், பயந்துபோய்.

வாங்கிப் பார்த்தேன். எட்டாவது தகடு. கீறலில்லை, உரியவில்லை, மினுக்கமும் இல்லை. அங்கேயே குதித்தேன்.

அறிக்கையில் 'தேய்ப்புச் சோதனை செய்தவர்' என்ற இடத்தில் கூசாமல் என் பெயரை எழுதினேன். வேலை நிரந்தரமானது. பழனாத்தாக்காவுக்குக் கிடைத்தது ஒரு பொட்டலம் பொரி. "தம்பிக்கு வேல நெலச்சுதுங்களா, நல்லதுங்க" என்று அதிலும் பாதியை எனக்குக் கொடுத்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். பழனாத்தாக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

"இந்த மாதிரி பெயிண்ட அப்பவே தேச்சுப் பாத்தது நீங்கதானுங்களே தாத்தா?" என்றான் பேரன், காரைத் துடைத்துக்கொண்டே.

"இல்லடா. பழனாத்தாக்கா."

"அது யாருங்க?"

காட்டுவதற்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.