பதிமூன்றுக்குப் பிறகு ஒன்று

அந்த லேபிள் ரோல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆம்பூர் ஷூ ஃபேக்டரி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில், பிரிண்டரிலிருந்து சுருண்டு சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்துக்குப் போகும் பிள்ளைகள் ஷூவுக்கான பெட்டி லேபிள்கள். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் பத்திலிருந்து பதிமூன்று வரை. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் தப்பாகப் பட்டது.

அம்மா பல வருஷம் பேக்கிங்கில் வேலை பார்த்தவர். அந்த நாட்டு அளவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பதிமூன்றோடு முடிந்து, அதற்கடுத்த பெரிய அளவு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேக்கிங்கில் பெட்டிகளைப் பத்தில் தொடங்கி மூன்றில் முடியும்படி அடுக்கி, ரோலிலிருந்து வரிசையாக உரித்து ஒட்டுவார்கள். எண்ணை யாரும் நின்று படிப்பதில்லை. இந்த ரோல் போனால் பத்தாம் அளவுப் பெட்டியில் ஒன்று என்று இருக்கும்.

லேபிள் அடிக்கும் புரோகிராமை முந்தின நாள் மாற்றியவர் எங்கள் பிரிவின் தலைவி. உருதுவில் ஆபா என்றால் அக்கா. ஃபேக்டரி முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். நான் படிப்பு முடித்துச் சேர்ந்து சில மாதங்கள்தான். வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்து அவருடையது. அது கிடைக்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தள்ளிப்போட என்னிடம் வேறு காரணம் இல்லை.

வேலையில் சேரக் கிளம்பும்போது ஆளாளுக்கு அறிவுரை சொல்லியிருந்தார்கள். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே என்றாள் காட்பாடியில் கூடப் படித்தவள். கன்ஃபர்ம் ஆகும்வரை வாயைத் திறக்காதே என்றார் மாமா. நான் எனக்குள் மூன்று கேள்விகளை வரிசைப்படுத்தினேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? சரியாகவே இருந்து அவருக்குக் கோபம் வந்தால்? சொல்லாமல் விட்டு, சரக்கு கிளம்பிவிட்டால்? மூன்றாவதை மட்டும் பிறகு திருத்த முடியாது. அதற்குள் டீ வந்து ஆறிப்போயிருந்தது. எழுந்து போனேன்.

"ஆபா, பதிமூணுக்கு அப்புறம்தானே ஒண்ணு வரணும்?"

"இன்னாம்மா, எல்கேஜியில ஒழுங்கா படிக்கலையா?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு எடுத்தார். ரோலை இழுத்துப் பார்த்தார். பேக்கிங்குக்கு விறுவிறுவென்று நடந்தார்; நானும் பின்னாலேயே போனேன். அங்கே, முன்பே போய்ச் சேர்ந்திருந்த முதல் ரோலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க. தப்பு என்னுது. இந்தப் பொண்ணுதான் பார்த்துச் சொன்னா."

"இன்னா ஆபா, ஷூ ஃபேக்டரி கம்ப்யூட்டருக்கே ஷூ சைஸ் தெரியாதா?" என்றார் சூப்பர்வைசர்.

"அது இன்னாப்பா பண்ணும், நான் சொன்னதைச் செஞ்சுது. ஒட்டினதை உரி."

திரும்பி வரும்போது என்னைப் பார்க்காமலே கேட்டார். "டீ வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு, இல்ல?"

"பயமா இருந்துச்சு ஆபா."

"பயந்துக்க. பயந்துகிட்டே சொல்லு. நீ யோசிச்சிட்டு இருந்த நேரத்துலதான் இவங்க ஒட்டிட்டு இருந்தாங்க."

கையெழுத்து கிடைத்தது. பயம் போகவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை தப்பு என்று சொல்லப்போய், தப்பு என்னுடையதாக இருந்து, காது சுட்டிருக்கிறது.

இப்போது பெங்களூரில் என் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தக் கம்ப்யூட்டர் மொழி கற்கலாம், நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்று கேட்கிறார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். நேற்று நான் எழுதிக் கொடுத்த புரோகிராமைப் படித்துக்கொண்டிருக்கும் பெண், காலையிலிருந்து என் பக்கம் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருக்கிறாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எந்த இடம்னு காட்டும்மா."