வயிற்றுத் துண்டு

எலிக்கு எப்போது வலிக்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுவதுதான் என் உத்தியோகம். ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கிறேன். சூடான தகட்டில் எலியை விடுவோம். அது பின்னங்காலை நக்கியதும் தூக்கிவிட்டு, எத்தனை விநாடி தாங்கியது என்று குறித்துக்கொள்வேன். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு ஆய்வின்போது எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. பாதி எலிகளுக்கு மீன் கொழுப்பு கலந்த தீனி, மீதிக்கு வேறு எண்ணெய் கலந்த தீனி. மீன் கொழுப்பு தின்றவை கூடுதல் நேரம் தாங்கின.

வீட்டில் என் மனைவிக்கு முட்டிவலி. திருவொற்றியூர் மார்க்கெட்டில் குந்தி உட்கார்ந்து மீன் விற்கிறவள். எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். இப்படியே போனால் வியாபாரத்தை விட வேண்டியதுதான் என்று பயந்துகொண்டிருந்தாள்.

மீன்காரர் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ஏன் இந்த வலி? ஆய்வு நடத்திய மேடத்திடமே கேட்டேன்.

"எலிக்குத்தான் பார்த்திருக்கோம். மனுஷங்களுக்கு அப்படியே சொல்லிட முடியாது. அது சரி, அவங்க எவ்வளவு மீன் சாப்பிடுறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எலி மிச்சம் வைத்த தீனியைக்கூட எடை போடுகிறவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கானாங்கெளுத்திக் குழம்பு. கவனித்தேன். கொழுப்பு ஏறிய வயிற்றுத் துண்டெல்லாம் என் தட்டுக்கு வந்தது. அவள் தட்டில் குழம்பும் ஒரு வாலும்.

"உனக்கு வயித்துத் துண்டு?"

"அது கடலுக்குப் போறவனுக்கு. எங்க நைனா வூட்ல அப்டித்தான்."

"நான் எங்கம்மே கடலுக்குப் போறேன்? எலிக்குத் தீனி போட்டுகினு கீறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. படகு ஆடினாலே குமட்டுகிற ஆள், இருபது வருடமாகக் கடலோடியின் பங்கைத் தின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து வயிற்றுத் துண்டு அவளுக்கு. சாப்பிட்டு அவள் எழுந்திருக்கும்போது ஓரக்கண்ணால் கடிகாரம் பார்ப்பேன்.

"இன்னா, என்னையும் எலியாக்கிட்டியா?" என்பாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்டியேதான் கீது," என்றாள். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஆனா இத்தினி வருசமா இத்த வித்துகினு கீறேன். இவ்ளோ ருசின்னு எனக்குத் தெரியாது."